சஹனில் மூன்றாவது கை

கானாங்கெளுத்தி வாங்கும்போது எல்லோரும் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார்கள். நான் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன், ஐயா. உக்கடம் சந்தைக்கு வரும் கடல்மீன்களின் ஒட்டுண்ணிகள்தான் என் ஆராய்ச்சி.

ஒரே செவுளில் இரண்டு வகை சேர்ந்துவிட்டால், முதலில் வந்தது ஓரத்துக்கு ஒதுங்கும். ஒன்று இல்லாமல் போனால் மற்றது செவுள் முழுக்கப் பரவும். பகையெல்லாம் கிடையாது. இடம் போதாது, அவ்வளவுதான்.

அத்தாவும் அம்மாவும் போனபிறகு தம்பி அர்ஷத்தை வளர்த்தது நான். எங்கள் வீட்டில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில்தான் எல்லோரும் சாப்பிடுவது. மீனில் முள் எடுத்து அவன் பக்கம் வைப்பேன். வேலைக்குப் போன பிறகும் அவனுக்கு முள் எடுக்கத் தெரியாது.

பிறகு அவன் மனைவி ஆஃப்ரின் வந்தாள். நல்ல பெண்.

"ஏனுங்க்கா, உங்க பக்கம் கறியே காணோமே. இந்தாங்க" என்று தள்ளி வைப்பாள்.

என் தட்டில் எனக்கே பரிமாறினாள்.

அவளுக்குக் கடல்மீன் ஆகாது. அதன் வயிற்றில் சுருண்டு கிடக்கும் ஒரு புழு, சமைத்த பின்னும் அவளுக்கு மூச்சை அடைக்கும். டாக்டர் சொன்னதை வீட்டில் விளக்கியதே நான்தான். அதனால் அணை மீன் வாங்கினோம். அதை வைத்து அவள் அர்ஷத்துக்கு முள் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள்.

"அக்கா, இனிமே உங்களுக்கு லீவுங்க" என்று சிரித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, ஆய்வகத்தில் உலர்த்திய அந்தப் புழுவைப் பொடித்து, கோழி ஆணம் கொதிக்கையில் குழம்போடு கலந்தேன். மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். எனக்கும் அர்ஷத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே தட்டு என்பதால் யாரும் சாப்பாட்டைச் சந்தேகிக்கவில்லை.

கொஞ்ச காலம் அம்மா வீட்டுக்குப் போய் இருப்பாள் என்றுதான் நினைத்தேன். மூச்சடைத்தால் உடனே போடச் சொல்லி டாக்டர் கொடுத்த அவளுடைய அவசர ஊசி என் அலமாரியில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. வீடு முழுக்கத் தேடினேன்.

"அக்கா, சீக்கிரம்க்கா" என்றாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

அவளை அடக்கம் செய்ததிலிருந்து அர்ஷத் தட்டில் கையே வைப்பதில்லை. பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பதும் குறைந்துவிட்டது.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் நான் கிளம்புகிறேன், ஐயா. சாப்பாட்டு நேரமாகிவிட்டது. நான் இல்லாவிட்டால் அவன் பிழைக்கமாட்டான்.