ரெண்டு டின் எண்ணெய்

கபீர்: மெல்ல... மெல்லத் தேய். தோள்பட்டை கழண்டு விழுற மாதிரி இருக்கு.

லாசரஸ்: நேத்து எத்தனை மூட்டை தூக்குனீங்க, கபீர் பாய்?

கபீர்: தேக்கா மார்க்கெட்டுல வெங்காய லாரி வந்தா எண்ணிக்கிட்டா நிப்பாங்க? நாப்பத்தாறாம் வருஷத்துலேர்ந்து சம்பான் படகுல துடுப்புப் போட்ட தோளு இது. பதினாறு வருஷம். மூட்டைக்குப் படியல.

லாசரஸ்: பழகிடும்...

கபீர்: சொகுசுப் படகு எஞ்சின் டிரைவர் சொன்னா சரிதான். என்ன, பூசை முடிஞ்சு நேரா வர்றியா? இஸ்திரி போட்ட சட்டை. உன் மொதலாளிதான் வந்துட்டாரோன்னு பார்த்தேன்.

லாசரஸ்: கிண்டல் பண்ணாதீங்க பாய்.

கபீர்: சரி, கையை நிறுத்தாத. நாளைக்கு ஹார்பர் ஆபீஸ்ல கடைசி விசாரணை. லைசென்ஸைத் திருப்பித் தரலேன்னா சம்பானை விறகுக்குத்தான் போடணும். நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. என் சம்பான்ல பிடிச்ச ரெண்டு டின் கறுப்பு எண்ணெய் நீ குடுத்ததுன்னு.

லாசரஸ்: சொல்லலாம்...

கபீர்: சொல்லலாமா, சொல்லுவியா?

லாசரஸ்: ரூல் கடுமையா இருக்கு பாய். எண்ணெய் கலந்த தண்ணியைத் துறைமுகத்துக்குள்ள இறைக்கவே கூடாது. பெரிய படகா இருந்தாலும் வெளியில நின்னு, கழிவை வாங்குற பார்ஜ் படகு வந்ததும் அதுல ஏத்திட்டுத்தான் உள்ள வரணும்.

கபீர்: எனக்கே சொல்லித் தர்றியா? அந்த ரூல்லதானே என்னைப் பிடிச்சாங்க. அன்னைக்குக் கிளிஃபர்ட் பியர் படகுத்துறை பூரா எண்ணெய் மிதக்குது. என் சம்பானுக்கு எஞ்சினே கிடையாது, துடுப்பா எண்ணெய் குடிக்கும்னேன். டின்னுல ஒண்ணு பாதி காலியா இருக்கே, மீதியைக் கடல்லதானே கொட்டினேன்னு ஆபீசர் கேட்டான்.

லாசரஸ்: என்ன சொன்னீங்க?

கபீர்: புழு அரிக்காம இருக்க அடிப்பலகைக்குப் பூசினேன்னேன். நெசம்தானே? எஞ்சின்காரன் கழிச்ச எண்ணெயைத் தர்றதும், சம்பான்காரன் பதிலுக்கு மீன் தர்றதும் இன்னைக்கு நேத்துப் பழக்கமா?

லாசரஸ்: என் வீட்டுக்காரி பிலோமினம்மா இப்பவும் நீங்க தந்த திருக்கையைப் பத்திப் பேசும்.

கபீர்: டின் யாரு குடுத்ததுன்னு கேட்டான். உன் பேரைச் சொல்லல.

லாசரஸ்: ஏன் பாய்?

கபீர்: மொதலாளி வீட்டுப் பின்கட்டுலதானே குடியிருக்கீங்க. வேலை போனா வீடும் போகும். பிலோமினம்மாவுக்கு அப்ப எட்டு மாசம். பிள்ளை பிறக்கட்டும், நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்... நாலு மாசம் ஆச்சு.

லாசரஸ்: பாய்... நாளைக்கு நீங்க போக வேணாம்.

கபீர்: ஏன்?

லாசரஸ்: எஞ்சின்காரங்க எல்லாரையும் விசாரிக்கிறாங்க, என்னை நேத்தே கூப்பிட்டாங்க. மொதலாளி அவரு கார்லயே கூட்டிக்கிட்டுப் போனாரு.

கபீர்: ம்...

லாசரஸ்: டின்னை மேசை மேல வச்சுக் காட்டினாங்க. உங்க படகு டின்னான்னு கேட்டாங்க.

கபீர்: நீ?

லாசரஸ்: பார்த்ததே இல்லேன்னேன்... கையெழுத்தும் போட்டுட்டேன்.

கபீர்: போதும், தோள்லேர்ந்து கையை எடு.

லாசரஸ்: பாய்... திட்டுங்க.

கபீர்: மொதலாளி பக்கத்துல இருந்தாரா?

லாசரஸ்: வெளியில இருந்தாரு. கதவு சாத்தித்தான் இருந்துச்சு.

கபீர்: அப்ப யாருக்குப் பயந்தே?

லாசரஸ்: தெரியல பாய்... வாய் தன்னால சொல்லிடுச்சு.

கபீர்: சரி... எண்ணெயை இறைச்சது யாருன்னு கேட்டாங்களா?

லாசரஸ்: கேட்டாங்க. தெரியாதுன்னேன். அது... யாருக்குமே தெரியாதே பாய்.

கபீர்: எனக்குத் தெரியும். அன்னைக்கு உன் படகுக்குப் பின்னாலதான் நான் நின்னேன். உன் படகுக் குழாய்லேர்ந்து கறுப்பா கொட்டுறப்ப மேலேர்ந்து எட்டிப் பார்த்தது நீ. அதை விட்டுட்டுத்தான் டின்னை மட்டும் சொல்லச் சொன்னேன். அதையும் சொல்லல நீ. எனக்கு ஒரு லைசென்ஸ் நீ பாக்கி, லாசரஸ்.