வெளியே தாழ்ப்பாள் வைத்த கதவு

இரவு எட்டேகால். மழை விட்டு அரைமணி ஆகியிருந்தது. லாரிகள் மட்டும் போகிற சாலை... அன்றைக்கு லாரியும் இல்லை. ஒரே ஒரு கார் வந்துகொண்டிருந்தது. அதன் கூரைமேல், கயிற்றால் கட்டிய ஒரு பழைய கதவு.

ஓட்டி வந்தவர், வழக்கமாக நம்மோடு உட்காருவாரே கண்ணாடிக்காரர், அவருடைய தங்கை கணவர். கண்ணாடிக்காரர் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் இதை எடுக்கிறேன். அவர் இருந்தால் வாயே திறக்க மாட்டேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

அந்த மனிதருக்கு வேலை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஆசை முழுக்க மரத்தில். இடித்த வீட்டு உத்தரம், ஜன்னல் சட்டம், உடைந்த பெட்டி, எது கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சோ முக்காலியோ செய்துவிடுவார். மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிராளியின் காதில் இரத்தம் வராமல் விடமாட்டார். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரம்பம். அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம்தான். பழைய மரத்தின் தழும்பை மறைக்கக்கூடாது. ஆணிக்குழியை அடைக்க மாட்டார், கீறலை இழைக்க மாட்டார். அதுதான் அழகு என்பார்.

அந்தக் கதவை வாங்கும்போதே பழைய மரக்கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பேசினார்.

"நிலைச்சட்டத்தோட எடுத்துக்குங்க சார். நிலைக்கு ஒண்ணும் தர வேணாம்."

"வண்டியில இடமில்லைங்க. மேசைக்குப் பலகை போதும் எனக்கு."

"இன்னொரு நடை வந்தாவது எடுத்துட்டுப் போங்க. ரெண்டையும் பிரிக்க வேணாம்."

சும்மா தருகிறேன் என்று யாராவது துரத்தினால் நாம் என்ன நினைப்போம்? நிலை உளுத்துப்போயிருக்கும், தலையில் கட்டப் பார்க்கிறார் என்று ரம்பம் நினைத்தார். சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தச் சாலையில்தான் முதலில் கேட்டது. தலைக்கு மேலே.

டொக். டொக். டொக்.

கயிறு தளர்ந்துவிட்டது என்று ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். கயிறு கல் மாதிரி இருந்தது. கதவின் மேல்பக்கம் மழையில் சில்லிட்டிருந்தது. அடிப்பக்கம் கையை விட்டுப் பார்த்தால்... வெதுவெதுப்பு. என்ஜின் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்துசேர்ந்தார்.

மறுநாள் கார் கொட்டகையில் வேலை தொடங்கியது. காந்தத்தை வைத்துத் தடவித் தடவி, ஒளிந்திருந்த ஆணிகளை எல்லாம் பிடுங்கினார். அப்போதுதான் கதவை நன்றாகப் பார்த்தார். ஒரு பக்கம் கனமான இரும்புத் தாழ்ப்பாள். மறுபக்கம் ஒன்றும் இல்லை. கொண்டி இல்லை, கைப்பிடி இல்லை. வெளியே இருந்து மட்டும்தான் அடைக்கலாம். உட்பக்கத்தில் ஏகப்பட்ட கீறல்கள், நான்கு நான்காக. எல்லாம் கீழ்ப்பாதியில். கதவை நிமிர்த்திப் பார்த்தால் அவருடைய இடுப்புக்குமேல் ஒரு கீறல்கூட இல்லை.

இதைப் பார்த்து நீங்களும் நானும் ஓடியிருப்போம். அந்த மனிதர் சந்தோஷப்பட்டார்! இப்படி ஒரு தழும்பு எங்கே கிடைக்கும் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கதவு நான்கு விரல் அகலம் அதிகமாக இருந்தது. தாழ்ப்பாள் பக்கத்தை அறுக்க மனசு வரவில்லை. கீல் பக்கத்தை அறுத்தார். அறுக்கும்போது மரவாசனை வரவேண்டும் இல்லையா? வரவில்லை. மூத்திர வாடை அடித்தது. பயந்துபோய்ப் படுக்கையை நனைத்த பிள்ளையின் அறையில் அடிக்குமே, அந்த வாடை. எலி, பூனை ஏதாவது போயிருக்கும் என்று அந்தத் துண்டைக் கீலோடு வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். கீல் மட்டும் சாம்பலில் கறுத்துக் கிடந்தது.

நான்கு கால் வைத்து மேசை தயாராகிவிட்டது. கீறல்மேல் தட்டு ஆடும் என்று உட்பக்கத்தைக் கீழே திருப்பினார். தாழ்ப்பாள் மேலே. எண்ணெய் போட்டதும் இறுக்கம் விட்டு ஓடியது, க்ரீச் சத்தம் மட்டும் போகவில்லை. தள்ளினால், மேசையின் ஓரத்தைத் தாண்டி இரும்பு ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நீட்டும்.

"சாப்பிடுற மேசையில எதுக்குங்க தாழ்ப்பாள்? சாப்பாடு எழுந்து ஓடிடுமா?" என்றாள் மனைவி.

அவர்களுக்கு ஒரே பெண். ஆறு வயது. எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள், கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும் நடவடிக்கையும். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கை தட்டில், ஒரு கை தாழ்ப்பாளில். க்ரீச்... டக். க்ரீச்... டக். "தெறந்தாச்சு. மூடியாச்சு." அதைப் பார்த்துப் பார்த்து ரம்பத்துக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பேசிக்கொண்டே தள்ளுவார், பேசிக்கொண்டே இழுப்பார்.

பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது? அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. வெயில் கூடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் பெண்ணும் கண்ணாமூச்சி.

ரம்பம் மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு எண்ணினார். ஒன்று... இரண்டு... மேசைக்கு அடியில் அடக்கிய சிரிப்பு கேட்டது. அங்கேதான் ஒளிந்திருக்கிறாள், கள்ளி. அவருக்கும் சிரிப்பு வந்தது. தெரியாத மாதிரி எண்ணிக்கொண்டே போனார். கை சும்மா இருக்கவில்லை. பதினேழு... பதினெட்டு...

க்ரீச்... டக்.

சிரிப்பு நின்றது.

"இருபது!" என்று குனிந்தார். மேசைக்கு அடியில் தரை மட்டும் இருந்தது. அவளுடைய ஒரு செருப்பும், வெயிலும்.

டொக். டொக். டொக்.

தலைக்கு மேலே, பலகையில்.

"அப்பா... இருட்டா இருக்குப்பா. தெறங்கப்பா."

அவர் பாய்ந்து எழுந்து தாழ்ப்பாளை இழுத்தார். சத்தம் அடங்கியது. குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. வீடு முழுக்கத் தேடினார், மனைவியும் தேடினாள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், கொட்டகையில், தெருவில். ஒரு மணிநேரம் கழித்து, வேறு வழி தெரியாமல், தாழ்ப்பாளை மறுபடி தள்ளினார். டக்.

"அப்பா! எங்கப்பா போனீங்க?"

அந்தத் தாய் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் காதிலும் விழுந்தது. ரம்பம் கடப்பாரையை எடுத்து ஓங்கினார். மனைவி மேசைமேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டாள்.

"ஒடைக்காதீங்க! அவ உள்ள இருக்கா!"

கடப்பாரையைக் கீழே போட்டார். பிறகு செய்ய ஒன்றுமில்லை. யோசித்துப் பாருங்கள். கதவு என்றால் திறக்க வேண்டும். திறக்க ஒரு பக்கம் கீல் வேண்டும், கீல் பிடிக்க ஒரு நிலை வேண்டும். கீல் பக்கத்தை அவரே எரித்துவிட்டார். அது எரிந்த நெருப்பில்தான், அறுத்த அன்று, வாலுவுக்கு வெந்நீர் வைத்தார்கள்.

அன்றைக்கே மரக்கடைக்கு ஓடினார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"எத்தனை வயசு?" என்றார்.

"ஆறு... நிலை எங்கங்க? நிலையைக் குடுங்க, என்ன வேணும்னாலும் தர்றேன்."

"சரக்குப் பெட்டி அடிக்கிறவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க சார். துண்டு துண்டா போயிருக்கும் இந்நேரம். நான்தான் சொன்னேனே..." எந்த வீட்டுக் கதவு என்று ரம்பம் கேட்டபோது கடையைச் சாத்த ஆரம்பித்தார்.

போலீஸ் வந்தது. மோப்ப நாய் வந்தது. மேசை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டு ஊளையிட்டது. புதுப் பலகை ஒட்டி, புதுக் கீல் அடித்து, புது நிலையில் மாட்டியும் பார்த்தார் ரம்பம். திறந்தால் பின்னால் சுவர்தான். மறுபடி கழற்றி மேசைக் கால்கள்மேல் வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? தாழ்ப்பாள் திறந்திருந்தால் சத்தமே இல்லை. மூடினால்தான் பிள்ளையின் குரல். பெண் குரலைக் கேட்க வேண்டுமானால் அப்பாவே அவளை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். தினமும் சாயங்காலம் ஐந்து நிமிடம். அதற்குமேல் அவருக்கே தாங்காது. மனைவி பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சாப்பிட்டியாடா கண்ணு என்று கேட்பாள். "பசிக்கலம்மா" என்று வரும். ஐந்து நிமிடம் ஆனதும் தாழ்ப்பாளை இழுத்துவிடுவார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

நாற்பது நாள் அப்படிப் போனது. நாற்பத்தோராவது நாள் வாலு தட்டவில்லை. பலகைக்கு மிகப் பக்கத்தில் வந்து, குசுகுசுவென்று பேசினாள்.

"அப்பா... இனிமே மூடாதீங்கப்பா. தெறந்திருந்தா அவங்க தூரத்துல இருக்காங்க. நீங்க மூடினாத்தான் கிட்ட வர்றாங்க."

ரம்பம் தாழ்ப்பாளை இழுத்துவிட்டார். அது மறுபடி மூடாதபடி கம்பியைச் சுற்றிக் கட்டினார். இனி அவள் குரலும் இல்லை என்று தெரிந்தேதான் கட்டினார். மனைவி வாயில் புடவையைத் திணித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து இருவரும் அதைத் தொடவில்லை. கூடத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் கண்ணாடிக்காரர் அங்கே தங்கினார். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கூடத்தில் தாழ்ப்பாளைக் கட்டியிருந்த கம்பி தரையில் விழுந்து உருண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே மூன்று பேரும் கேட்டார்கள்.

க்ரீச்...

டக்.