ஒன்பதாவது பெட்டி

"ரெண்டு நாள் லீவு வேணும் சார்."

சேர்ந்த அன்னைக்கே சொல்லி வச்சிருந்தாங்க... அந்த ஆளுகிட்ட எதை வேணா கேளு, லீவு மட்டும் கேட்டுடாதேன்னு. என் தோழியோட அக்கா கேட்டுட்டா. மூட்டை தூக்கிப் படிக்க வச்ச அப்பாவுக்கு விடிஞ்சா ஆபரேஷன். கேக்காம?

ராத்திரி மணி பதினொண்ணு. ஆபீஸ் வாசல்ல ஈ, காக்கா இல்லாத ரோடு. மேனேஜர் கார் கதவைத் திறந்துக்கிட்டே சிரிச்சார்.

"வீட்லயே முதல் டிகிரி... வாய் நீளத்தான் செய்யும். உனக்கு முன்னாடி இருந்தானே கண்ணாடிக்காரன், அவனும் அம்மாவுக்கு ஆபரேஷன்னான். நான் விடல. வேலை முடிஞ்சுதா இல்லையா?"

முடிஞ்சுது. நெத்தி நிறைய தலைவலித் தைலத்தைத் தடவிக்கிட்டு, மூணு ராத்திரி கண் மூடாம முடிச்சிட்டு, கீபோர்டு மேலயே தலை சாஞ்சு செத்தும் போனார் அந்தக் கண்ணாடிக்காரர். அதை மட்டும் மேனேஜர் சொல்ல மாட்டார், பெரிய மனுஷன்.

"விடியறதுக்குள்ள எட்டும் ஓடணும். என்ன ஆனாலும் போன் போட்டு என்னை எழுப்பாதே."

எட்டு வெப் அப்ளிகேஷன். ஒவ்வொண்ணும் தனித்தனி கன்டெய்னர்ல, மூடின பெட்டி மாதிரி. முன்னாடி ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி... வர்ற ஆளை விசாரிச்சு 'நீ இந்தப் பெட்டிக்குப் போ'ன்னு அனுப்பற வாட்ச்மேன். எட்டுக்கும் தனித்தனியா எழுத அவளுக்குப் பொறுமை இல்ல. 'எந்தப் பெட்டி எழுந்தாலும் வழி விடு'ன்னு ஒரே வரியா எழுதித் தொலைச்சா.

மணி ரெண்டு பத்து. எட்டும் எழுந்துச்சு.

வாட்ச்மேன் பட்டியல்ல... ஒன்பது.

திரும்ப எண்ணினா. ஓடற பெட்டி எட்டுதான். ஒன்பதாவதோட பேர், 'லீவு'.

குப்புனு தலைவலித் தைல வாசனை. அறையில வேற யாரும் இல்ல. சர்வர் ஃபேன் மட்டும்... உய்ய்ய்...

திறந்தா. ஒரே ஒரு விண்ணப்பம். கண்ணாடிக்காரர் பேர்ல. காரணம்: அம்மாவுக்கு ஆபரேஷன். நிலை: காத்திருக்கிறது. ரெண்டு வருஷமா.

பயம் வரணும். அவளுக்கு வந்தது ஆத்திரம். "செத்தவனுக்குக்கூடக் கொடுக்கல பாரு, கஞ்சப் பிறவி." 'ஒப்புதல்' பட்டனை அமுக்கினா.

ஃபேன் நின்னுச்சு.

பக்கம் தானா புரண்டுச்சு. இப்போ கீழ ரெண்டு வரி புதுசு. அவ பேர், ரெண்டு நாள், ஒப்புதல். அதுக்கும் கீழ மேனேஜர் பேர். லீவு தொடக்கம்: இன்று. முடிவு: அங்க ஒண்ணுமே இல்ல. ஒப்புதல் தந்தவர்... கண்ணாடிக்காரர்.

போனை எடுத்தா. மேனேஜர் நம்பர் வரைக்கும் விரல் போச்சு.

எழுப்பாதேன்னாரே.

போனைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, லைட்டை அணைச்சிட்டு, ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தா. திரும்பிக்கூடப் பாக்கல.