மூன்றாம் வகுப்பின் தப்புக் கணக்குகள்

“ஹலோ... ஹலோ! ஈப்போ கல்வி இலாகாவா? கிராணி ஸ்டானிஸ்லாஸை, அதான் உங்க ஆபீஸ் கிளார்க்கு, கூப்பிடுங்க... நான் அவரு தங்கச்சி, பெட்ரீசியா டீச்சர், கோப்பெங் எஸ்டேட் ஸ்கூலு... அவசரம்னு சொல்லுங்க. ஆமா, ஆமா, இருக்கேன்.”

ஆ சோங் தௌக்கேயின் மளிகைக் கடையில் தொலைபேசி கருவாட்டுக் கூடைக்கு நேர் மேலே இருந்தது. யாரும் நெடுநேரம் பேசக் கூடாது என்று தௌக்கே யோசித்து வைத்த இடம் அது. இடைவேளை மணி அடித்ததும் ஓடி வந்த பெட்ரீசியா, ஒரு கையால் மூக்கையும் மறு கையால் ரிசீவரையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே!... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அண்ணி எப்படி?... நல்லது. அண்ணே, இன்ஸ்பெக்டர் கார்த்திகேசு கிளம்பிட்டாரா?... எதுத்தாப்புல உக்காந்து கோப்பி குடிக்கிறாரா? மாதாவே! அவர விட்டுடாதீங்க அண்ணே. இன்னிக்கு மட்டும் எங்க ஸ்கூலுக்கு வரக் கூடாது... வந்தாருன்னா என்னைய பீடோருக்கு அந்தப் பக்கம் எங்கயாவது மாத்திடுவாரு லா!... பெரிய வாத்தியாரா? இன்ஸ்பெக்டர் வாராருன்னு கேட்டதுமே அவருக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. போர்வைக்குள்ள இருக்காரு.”

வினை வந்தது இலாகாவின் சுற்றறிக்கையால். காசு செலவில்லாமல், ஊரில் சும்மா கிடைப்பதை வைத்துப் பாடம் நடத்துங்கள் என்றது அது. சும்மா என்ற சொல்லைக் கேட்டால் பெட்ரீசியாவுக்குக் கை சும்மா இருக்காது. எண்ணிப் பழகச் சோடா மூடிகளைப் பொறுக்கினாள். கடை கடையாய்ப் பழைய காலண்டர் கேட்டாள். அப்புறம்தான் அந்தத் தாள்.

“அதான் அண்ணே, நாலு நம்பருக்குப் பணம் கட்டுவாங்களே, அந்த நம்பர் கடையில குலுக்கல் முடிவுத் தாள் சும்மா குடுப்பானே, முதல் பரிசு, ரெண்டாம் பரிசுன்னு... அதேதான். எல்லாம் நாலு எண். ஆயிரம், நூறு, பத்து, ஒண்ணு. இடமதிப்பு சொல்லிக்குடுக்க அதவிட வேற என்ன வேணும்?... சிரிக்காதீங்க. உங்க இலாகாதான் ‘சபாஷ், நேர்ல வந்து பாக்குறோம்’னு கடுதாசி போட்டுச்சு.”

தௌக்கே முட்டை எண்ணுவதை நிறுத்தினார். எஸ்டேட் சனத்தோடு பேரம் பேசிப் பேசியே தமிழ் படித்த சீனர். விலை சம்பந்தமாக எதைச் சொன்னாலும் புரியும். பெட்ரீசியா குரலைத் தாழ்த்தினாள்.

“கேளுங்க. பிள்ளைங்க அந்தத் தாள வீட்டுக்குக் கொண்டுபோச்சுங்களா... ஆத்தா அப்பன்லாம் என்ன நெனைச்சுட்டாங்க? ஸ்கூல்லயே நம்பர் சொல்றாங்கன்னு நெனைச்சுட்டாங்க! நல்லம்மா இருக்குல்ல, அது மவன் மாயாண்டி ஒரு பெருக்கல தப்பாப் போட்டான். நான் சிவப்பு மையில பெரிசா ஒரு தப்புக் குறி போட்டு அனுப்பினேன். நல்லம்மா அந்தத் தப்பு விடையவே நம்பரா எடுத்துப் பணம் கட்டுச்சு... ஆமா... ஆமா அண்ணே, முதல் பரிசு! கலர் டிவி வாங்கிடுச்சு. லயத்து வீட்டுல கரண்டே ராத்திரிதான் வரும், அது பகல்லயும் டிவிய நடு வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு.”

“...இல்ல, சரியான விடை வரல. அதான் வினையே! சரியான விடை டீச்சர் சொன்னது, தப்பான விடை சாமி சொன்னதுன்னு இப்ப எஸ்டேட் பூரா பேச்சு. சரியாப் போட்ட பிள்ளைக்கு வீட்டுல அடி லா! ‘உனக்கு மட்டும் ஏண்டா தப்பே வரமாட்டேங்குது’ன்னு ராமையா தன் மவனப் போட்டு வெளுத்திருக்காரு. இன்ஸ்பெக்டர் வந்து ரெண்டும் ரெண்டும் எத்தனைன்னு கேட்டா, மொத்த வகுப்பும் ஆயிரத்துக்கு மேலதான் சொல்லும்!”

அண்ணன் சிரித்த சிரிப்பு ரிசீவரைத் தாண்டிக் கடைக்குள் விழுந்தது.

“சிரிங்க, நல்லா சிரிங்க. காலையில ஒரு கணக்கு எழுதினேன், ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தெட்டு, மூணால பெருக்கு. ஒண்ணுகூட சரியாப் போடல. எல்லாத்துக்கும் சிவப்பு மை. வீரம்மா மவ மட்டும் தன்னுது சரின்னு அழுதா... விடையா? எதுக்கு?... சும்மா கேக்குறீங்களா? மூவாயிரத்து அறுநூத்தி நாப்பத்து நாலு. நானே போர்டுல எழுதி வெச்சிருக்கேன்... என்ன சத்தம்? மெஷின்ல தட்டுறீங்களா?... எழுநூத்தியா? எங்க அண்ணே எழுநூறு?”

அவள் மூக்கை விட்டுவிட்டு விரலை மடக்கினாள்.

“எட்டு மூணு இருபத்து நாலு, மீதி ரெண்டு... நாலு மூணு பன்னெண்டு, ரெண்டு பதினாலு, மீதி ஒண்ணு... ரெண்டு மூணு ஆறு... அலாமா! அந்த ஒண்ண விட்டுட்டேனே! வீரம்மா மவ போட்டதுதான் சரியா?... அண்ணே?...”

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. ஒன்றல்ல, இரண்டு.

“யாரு எழுந்திரிச்சது?... இன்ஸ்பெக்டருமா? அவருக்குக் கேட்டுடுச்சா? ஐயோ, என்ன சொன்னாரு?... பென்சில் கேட்டாரா?... டீச்சரே போட்ட தப்பா?... என்னது, பிள்ளைங்க தப்பவிட அதுக்குப் பரிசு விழுற ராசி சாஸ்தியா? அண்ணே, படிச்ச மனுசர் பேசுற பேச்சா இது!... எங்க போறீங்க ரெண்டு பேரும்? நம்பர் கடையில வரிசை நீளமா இருக்குமா?... அப்ப ஸ்கூலு?... அடுத்த மாசமா? அவரே சொன்னாரா?... அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க... ஹலோ?”

லைன் கட்டாகிவிட்டது. வெற்றுச் சத்தம் மட்டும் ஊதியது.

பெட்ரீசியா திரும்பிப் பார்த்தாள். பாதி எண்ணிய முட்டைகள் அப்படியே கிடந்தன. தௌக்கேயைக் காணோம், அவர் சைக்கிளையும் காணோம். கல்லாவின் மேலிருந்த மணிச்சட்டத்தில் மட்டும் மூன்று, ஆறு, நான்கு, நான்கு என்று மணிகள் ஒழுங்காக ஏறி நின்றன. ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. அவள் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இத்தனை நாளில் இடமதிப்பு இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

நூற்றின் இடத்தைத் திருத்த அவள் விரல் போனது. பாதி வழியில் நின்றது. இன்னும் ஊதிக்கொண்டிருந்த ரிசீவரை மறுபடி காதில் வைத்தாள்.

“ஹலோ... ஹலோ... அண்ணே, எனக்கும் ஒண்ணு எடுங்க லா!”