ஹலோ கேட்ட பேக்ஸ்

சுரண்டையிலிருந்து தென்காசி போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அக்கா, நான் அனுப்புன பேக்ஸை எடுத்து அவுக ஹலோ ஹலோங்காக.”

“சவுதியில இருக்க உன் மாப்பிள்ளைக்கு எதுக்குட்டி பேக்ஸ்?”

“அவுகளுக்கு இல்லக்கா, கம்பெனிக்கு. அவுக வாப்பா, மாமா ஐசியூவுல கெடக்காகன்னு ஆஸ்பத்திரி லெட்டரைப் பேக்ஸ்ல அனுப்புனாத்தான் லீவு தருவாங்களாம். மெயில்லருந்தே பேக்ஸ் அனுப்புற சர்வீஸ் இருக்குல்லா, வீட்டுக் கம்ப்யூட்டர்லயே பேக்ஸ் நம்பரைப் போட்டா போயிரும். கைப்பழக்கத்துல அவுக போன் நம்பரை அடிச்சிட்டேன்.”

“சரி விடு. போகலைன்னு நெனச்சுக்கோ.”

“அது எங்க விடுது? அவுக கட் பண்ணக் கட் பண்ண திரும்பத் திரும்பப் போகுது. எடுத்தா கீய்ங்குதாம்.”

“அவன்ட்ட மாமா விஷயத்தைச் சொல்லியாச்சா?”

“லீவு கெடச்ச பெறவு சொல்லலாம்னு இருந்தோம். இப்ப எனக்குப் போன் போட்டு, ‘யாரோ அழுத மாரி கேக்கு, வாப்பா நல்லா இருக்காகளா’ங்காக.”

“நீ என்ன சொன்ன?”

“ராங் நம்பரா இருக்கும்னுட்டேன்.”

போன் மறுபடி அடித்தது. அவள் அதை அக்காவின் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.