சேவ் இருந்த இடத்தில் டெலிட்

"உப்பு டப்பா இருந்த எடத்துல சோப்புத்தூள வச்சுட்டு, கொழம்பு கெட்டுச்சுன்னு சமைச்சவள வையலாமா?"

சாயர்புரம் செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கைப் பெண் இப்படிக் கேட்டதும் செய்தித்தாளை மடித்து வைத்தேன். துறைமுகத்துச் சரக்கு அலுவலகங்களுக்கு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனத்தில் அவளும் அருகிலிருந்த தோழியும் பணிபுரிகிறார்கள் என்பது பேச்சில் விளங்கியது.

"என்னளா சொல்லுத?" என்றாள் தோழி.

"நம்ம மெனுவத்தான். சரக்கு ஸ்கிரீன்ல மொத வரி சேவ். கப்பல் ஸ்கிரீன்ல அதே எடத்துல டெலிட். அந்தச் சரக்கு ஆபீஸ்ல பதிவு போடுத அண்ணாச்சி ஸ்கிரீனையா பாக்காரு? காதுல போன்ல லாரி டிரைவரு, கண்ணு கன்டெய்னர் நம்பர்ல. கை தானா மேல போவுது. ஒரு கப்பலோட பதிவு பூராம் அழிஞ்சு போச்சு. அவர வேலைய விட்டு எடுக்கப் பாத்தாங்க."

"நீ என்ன செஞ்ச?"

"எல்லா ஸ்கிரீன்லயும் சேவ மொத வரில வச்சேன். டெலிட்டக் கடைசிக்குத் தள்ளிட்டேன். தப்பு எங்க மெனுவுலதான்னு அவரு மேனேஜர்ட்டயே போய்ச் சொன்னேன்."

"ஏளா! நம்ம முதலாளி உன்னைய சும்மாவா விட்டாரு?"

"நல்லா வஞ்சாரு. காலைல அண்ணாச்சி போன் பண்ணாரு, அவரு சீட்டுல இருந்துதான். 'இப்ப பாக்காமலே கை சரியாப் போவுது தங்கச்சி'ன்னாரு. எனக்கு அது போதும்ளா."

என் மனைவி மறைந்தபின் சமையலறையில் எதையும் நான் இடம் மாற்றவில்லை. அன்று மாலை விளக்கைப் போடாமலே காப்பித்தூளை எடுத்தேன்.