கார் கொட்டகையில் ஒரு சோபா

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஹார்க்ரோவ் அம்மையார் அவர்களே! மனத்தின் பாடத்தை மனத்தில் பதித்த பேராசிரியர் புரூவிட் அவர்களே! நெப்ராஸ்கா சோளக்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே! இறைச்சி ஆலையில் இரவு வேலை முடித்து, கண்ணயராமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கைதட்டலைக் கடைசிவரை அடக்கி வையுங்கள் என்று முதல்வர் கேட்டுக்கொண்ட பிறகும் ஊதுகுழலோடு காத்திருக்கும் என் லாயிட் மாமா அவர்களே! வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. பேசத் தெரியாதவள் நான். எழுதி வந்ததைத்தான் வாசிக்கிறேன். எழுதவும் தயங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மேடைப் படி ஏறுவதும் இதுவே முதல் முறை. இங்கே ஒருவரிடம் ஒரு விண்ணப்பம் வைக்க வேண்டும். அது கடைசியில்.

மாமா, ஊதாதீர்கள். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

உளவியல் படிக்கிறேன் என்றதும் ஊர் என்ன கேட்டது? "அப்ப நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பாப்போம்!" மளிகைக்கடையில் கேட்டது. பெட்ரோல் பங்கில் கேட்டது. தேவாலயத்தில், ஜெபத்துக்கு நடுவிலும் கேட்டது. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்தும் நகராமல் நின்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பையன் ரூமை விட்டே வரமாட்டேங்கிறான்மா" என்றார்கள்.

இந்த ஊரில் மனம் நோகாதா? நோகும். நொந்த மனத்தைக் கேட்க ஆள் உண்டா? அரைநாள் கார் ஓட்டினால் உண்டு.

இந்த இரண்டாண்டுப் படிப்பு என்ன வேலை தரும்? முதியோர் இல்லத்தில் துணையாள் ஆகலாம். பள்ளியில் பேசாத பிள்ளையின் பக்கத்தில் அமரலாம். உயிரை விடத் துணிந்தவர் அழைத்தால், தொலைபேசியின் மறுமுனையில் குரலாக இருக்கலாம். சம்பளம் சிறியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆலோசகர் ஆக முடியுமா? முடியாது. பல்கலைக்கழகம் போக வேண்டும், அதற்கு மேலும் படிக்க வேண்டும், உரிமம் வாங்க வேண்டும். நான் நிற்பது பாதி வழியில்கூட இல்லை.

இது பேராசிரியருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குத் தெரியாது.

போன மாதம் ஒருநாள் வீடு திரும்பினேன். கார் கொட்டகை கழுவிச் சுத்தமாகக் கிடந்தது. டிராக்டர் சாமான்கள் இருந்த இடத்தில், தேவாலய ஏலத்தில் வாங்கிய பச்சை சோபா. பக்கத்தில் ஒரு ஹீட்டர். சுவரில், என் அப்பா வெண்டல் தன் கையால் எழுதிய பலகை: மனநல ஆலோசகர் கெண்ட்ரா.

"என்னப்பா இது?"

"உன் ஆபீசு. அதான் படிச்சு முடிக்கப் போறியே! உங்க மாமா ஊரெல்லாம் டாக்டருன்னு சொல்லிட்டு வர்றான்."

"ஹீட்டர் எதுக்குப்பா?"

"பனிக்காலத்துல அழ வர்றவங்க நடுங்கிக்கிட்டா அழுவாங்க?"

கேள்வி கேட்டுக் காத்திருக்கக் கற்றவள் நான். பதில் சொல்லக் கற்கவில்லை. "நல்லாருக்குப்பா" என்று உள்ளே போய்விட்டேன்.

கற்றுத் தந்தவர்களுக்கும், தூக்கத்தை விட்டு வந்து கேட்டவர்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். இனி அந்த விண்ணப்பம்.

அப்பா, லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்துல எனக்கு இடம் கிடைச்சிருக்கு. பலகையை மட்டும் கழட்டி வைங்க. சோபா இருக்கட்டும், ஹீட்டரும் இருக்கட்டும். என்னைப் போக விடுங்க.